எண்ணூறு வருஷத்துப் பெயர்கள்

செத்து எண்ணூறு வருஷமான ஒருவனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாகிவிட்டால் அந்த மனுஷிக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. இது நான் கண்ணால் கண்டது. வடக்கே ஏதோ நகரத்தில் அச்சடித்த புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. பிரித்து, கண்ணாடியை மாட்டி, நாலைந்து பக்கம் தட்டியிருப்பாள். "மாதாவே!" என்று ஒரு சத்தம். குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்ற நான், விழுந்துவிட்டாளாக்கும் என்று அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். விழவில்லை. எண்ணூறு வருஷத்துக்கு முன் நாங்கள் இருந்த தீவை ஆண்ட நோர்மன் ராஜா ஒருவன் ஒரு மடத்துக்குக் காணி எழுதிக் கொடுத்திருக்கிறான். காணியோடு சேர்த்து அதை உழுத குடியானவர்களையும் கொடுத்திருக்கிறான். அவர்களில் ஒருவனுடைய தகப்பனின் பெயரை அச்சுக்காரர் பிழையாகப் போட்டுவிட்டார்கள். விஷயம் அவ்வளவுதான்.

"அவன் ஒரு மனிசன், மரியா," என்று மேசையில் அடித்தாள். "அவனைப் பற்றி இந்த உலகத்தில மிஞ்சிக் கிடக்கிறது இந்தப் பேர் ஒண்டுதான். அதையும் பிழையா எழுதினால் அவனை ரெண்டாந்தரம் கொல்லுறதுதானே?"

நான் சிஞ்ஞோரா என்று, அம்மா என்கிற மாதிரி, கூப்பிட்ட அந்த வீட்டுக்காரி பேசியதெல்லாம் இத்தாலியன். நான் எங்கள் வாய்க்கு வருகிற மாதிரி எழுதுகிறேன். 'அவர்' என்று மரியாதையாய் எழுத வேண்டிய ஆள்தான். எழுபதை எட்டியவள், பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷம் சரித்திரம் படிப்பித்து ஓய்ந்தவள். ஆனால் எழுதக் கை வருகுதில்லை. எனக்குக் கொதி இன்னும் ஆறவில்லை, அதுதான் காரணம்.

என் பெயர் மரியா இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியின் தெற்கே அந்தத் தீவில் உள்ள பலெர்மோவுக்கு நான் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் நானும் ஞானம் அக்காவும் இருந்தோம். அவவும் மன்னார்தான், எனக்கு முதலே வந்து, லிபெர்த்தா பக்கத்துப் பணக்கார வீடுகளில் வேலை செய்து, அந்த வீடுகளின் நாய் பூனை வரை தெரிந்து வைத்திருந்தவ. அவதான் என்னை அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. சிஞ்ஞோரா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"முதல் நிண்டவள் மரியா. அதுக்கு முதல் நிண்டவளும் மரியா. இந்த வயசில புதுப் பேர் பாடமாக்க எனக்கு ஏலாது. நீயும் மரியாவா இரு."

நான் வாயைத் திறக்க முதல் ஞானம் அக்கா என் காலை மிதித்தா. நான் "ஸி, சிஞ்ஞோரா" என்றேன். வெளியில் வந்தபோது அக்கா சொன்னா, "பேரிலையா இருக்கு? வேலை கிடைச்சதே பெரிய காரியம், விசரி."

எனக்கும் அப்போது அது பெரிதாய்ப் படவில்லை. ஒளித்து வந்தவளுக்கு வேலை இருந்தால் போதும். பெர்மெஸ்ஸோ என்கிற அனுமதிப் பத்திரம் இல்லாமல், பொலிஸைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறி நடந்த காலம் அது. மன்னாரில் என் அக்காவிடம் என் மகள் ஜெனிற்றாவை மூன்று வயசில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளுடைய தகப்பனை ஒரு காலையில் ஆமி ஏற்றிக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. பெர்மெஸ்ஸோ கையில் வந்தால் பிள்ளையைக் கூப்பிடலாம். வராவிட்டால் கூப்பிட ஏலாது. நான் அந்த வீட்டுத் தரையைத் துடைத்த ஒவ்வொரு நாளும் அதை நினைத்துத்தான் துடைத்தேன்.

வீடா அது? அரசாங்கக் கந்தோர் என்று சொல்லலாம். உப்புப் போத்தலில் 'உப்பு' என்று ஒட்டியிருக்கும். சாவி ஒவ்வொன்றிலும் எந்த அலுமாரி என்று ஒரு சீட்டு. ரெலிபோனுக்குப் பக்கத்தில் எந்த நம்பர் யாருடையது என்று வரிசையாய் எழுதி ஒட்டியிருப்பாள். யாராவது புத்தகம் வாங்கிக்கொண்டு போனால் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவளுடைய தம்பிகூட வைத்தான், நான் பார்த்தேன்.

பெரிய மேசையில் பழைய தோல் ஏடுகளின் படங்கள் பரவிக் கிடக்கும். ஒரே ஏட்டில் கிரேக்கமும் அரபியும் இருக்கும். நான் தூசு தட்டும்போது ஒரு கடதாசி ஒரு விரல் அரங்கினாலும் கண்டுபிடித்துவிடுவாள். "கொஞ்சக் குதிரைக்காரர் வந்து ஒரு தீவையே பிடிச்சாங்கள், மரியா," என்பாள். "பிடிக்கிறது லேசு. வைச்சிருக்கிறதுதான் கஷ்டம். எப்பிடி வைச்சிருந்தாங்கள் தெரியுமோ? எழுதினாங்கள். எந்தக் காணி, எங்கை எல்லை, அதில ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஒண்டும் விடாமல் எழுதினாங்கள். ஓடிப்போனவனைப் பிடிச்சுக் கொண்டுவரவும் அந்தப் பேர்தான் உதவினது." ஓடிப்போனவனைப் பிடித்த கதையை அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். பெர்மெஸ்ஸோ இல்லாத நான் யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டினாள். இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகன் இன்னார் என்று அது போய்க்கொண்டே இருந்தது. "இவைக்குக் குடும்பப் பேர் இல்லை. தேப்பன்ரை பேரைக் கொண்டுதான் ஆள் ஆரெண்டு தெரியும்," என்றாள்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். "எங்களுக்கும் அப்பிடித்தான், சிஞ்ஞோரா. அப்பான்ரை பேர் முன்னுக்கு வரும், பிறகுதான் எங்கடை பேர்."

"ஆ, ஸி?" என்றாள். கண் கடதாசியை விட்டு எழும்பவில்லை.

கேட்கக்கூடாதா? "உன்ரை தேப்பன்ரை பேர் என்ன?" என்று ஒரு சொல். நான் ஈரத் துணியோடு நின்றேன். அவள் அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

இன்னொரு வருத்தமும் இருந்தது அவளிடம். நோய் என்றுதான் சொல்ல வேண்டும். நோர்மன்காரரோடு வடக்கிலிருந்து வந்து குடியேறிய லொம்பார்த் ஆட்களை ஒருவர் நோர்மன் என்று எழுதிவிட்டார் என்பதற்காக, இருபது வருஷத்துச் சிநேகிதரான அவரோடு பேச்சை விட்டவள் அவள். "அது வேறை சனம், இது வேறை சனம்! இது தெரியாதவனுக்கு எதுக்குச் சரித்திரம்?" என்று கத்துவாள். அதே வாயால் என்னைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அறிமுகப்படுத்துவாள்: "இது மரியா, என்ரை சிங்களத்தி. நல்ல ஆக்கள் அவை, சுத்தம்."

"சிஞ்ஞோரா, நான் தமிழ்," என்று முதல் மாதமே சொன்னேன். பிறகு ஒரு பத்துத் தரம் சொல்லியிருப்பேன்.

"ரெண்டும் ஒரே தீவுதானே," என்பாள்.

ஒரே தீவாம். என் மனுஷனை ஏற்றிக்கொண்டு போனது யாரென்று இவளுக்கு எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? ஆனால் வேலை வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் கழுவுவேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஈவிரக்கம் இல்லாதவள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கட்டிடத்துக் காவல்காரன் என்னை லிப்டில் ஏறக்கூடாது, பின் படிக்கட்டால் போ என்று மறித்த நாளில், இவள் ஊன்றுகோலோடு மூன்று மாடி இறங்கி வந்து அவனை அந்தத் தெருவே பார்க்க ஏசினாள். "இவள் என்ரை வீட்டு ஆள். என்ரை வாசலால வருவாள், என்ரை லிப்டில ஏறுவாள்!" அன்றிலிருந்து அவன் எனக்கு லிப்ட் கதவைத் திறந்து விட்டான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் கையால் தேசிக்காய் பிழிந்து தந்தாள். அதுதான் எனக்கு விளங்காத விஷயம். என்னை அவளுக்குப் பிடிக்கும். நான் யாரென்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் ரோமிலிருந்து மூன்று பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் சரித்திரக்காரர். நான் மீன் பரிமாறிக்கொண்டு நின்றேன். எல்லை என்றால் என்ன என்று பெரிய கதை நடந்தது. சிஞ்ஞோரா முள்ளுக்கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: "நோர்மன் எல்லை மதிலில்லை, கோடுமில்லை. ராஜாவின்ரை ஆள் ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவு தூரத்துக்குப் பதில் வருமோ, அவ்வளவு தூரந்தான் ராச்சியம்." எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒரு மனுஷர், நரைத்த தாடிக்காரர், என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "உங்கடை நாட்டில எப்பிடி, சிஞ்ஞோரா?"

அந்த வீட்டில் என்னைச் சிஞ்ஞோரா என்று சொன்ன முதல் ஆள் அவர். "எங்கடை பக்கம் எல்லை எண்டால் ரெண்டு சாவடி," என்றேன். "ஒண்டில ஆமி பாஸ் கேக்கும். அதைத் தாண்டினால் மற்றதில இயக்கப் பொடியள் பாஸ் கேப்பாங்கள். நடுவில ஒரு வெளி இருக்கு..."

"மரியா," என்றாள் சிஞ்ஞோரா. "கோப்பி."

அந்த வெளியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தபோது, ஜெனிற்றாவின் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. குனிந்து எடுக்கப் பயத்தில் எடுக்காமலே நடந்தேன். மறுகரை வரைக்கும் பிள்ளை 'செப்பு, செப்பு' என்று அழுதாள். அதைத்தான் சொல்ல வந்தேன். எண்ணூறு வருஷத்து எல்லையைப் பற்றி மூன்று மணி நேரம் கதைக்க வந்தவர்களுக்கு, இரண்டு நிமிஷம் அதைக் கேட்க நேரம் இருந்திருக்காதா? நான் கோப்பி வைக்கப் போனேன். திரும்பி வரும்போது வேறு கதை போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு லீவு. தமிழ்ப் பூசை அன்றுதான். ஆனால் ஒரு கோடை முழுக்க என் ஞாயிறுகளை அவள் எடுத்துக்கொண்டாள். தன் பழைய சின்னக் காரில் என்னை ஏற்றி, மொன்றேயாலே தாண்டி மலைக்காட்டுக்குக் கொண்டுபோவாள். கையில் ராஜாவின் எழுத்தின் பிரதி. 'பெரிய பாறையிலிருந்து நாணல் ஊற்று வரை, ஊற்றிலிருந்து மேட்டு முதுகு வழியாய்க் காட்டு ஒலிவ மரம் வரை' என்று அதில் எல்லை எழுதியிருக்கும். அந்த எல்லையைக் காலால் நடந்து பார்க்க வேண்டுமாம். தண்ணீர்ப் போத்தலும் குடையும் சுமந்துகொண்டு நான் பின்னால் நடப்பேன்.

"அந்தக் காலத்திலயும் இப்பிடித்தான்," என்பாள். "எல்லை எழுத முதல் ஊர்க் கிழவரைக் கூப்பிடுவாங்கள். கிறிஸ்தவனோ முஸ்லிமோ, காணி தெரிஞ்சவன் முன்னுக்கு நடப்பான். எழுத்துக்காரன் பின்னால வருவான். நடந்தவையின்ரை பேரெல்லாம் கடைசியில இருக்கும். பேரில்லாத சாட்சி சாட்சியே இல்லை, மரியா."

பாறை கிடைத்தது. ஊற்று மட்டும் கிடைக்கவில்லை. மூன்று ஞாயிறு தேடினாள். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரன் "இஞ்சை ஊற்றே இல்லை, புறொபெஸொரெஸ்ஸா" என்று பேராசிரியைக்கே அடித்துச் சொன்னான். நாலாவது ஞாயிறு நான் சரிவில் நின்று பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடக்க, ஓரிடத்தில் மட்டும் முள்ளுப் பற்றைக்குள் பச்சை தெரிந்தது. காட்டுக்குள் அகதியாய் இருந்த மாதங்களில் தண்ணீர் தேடிப் பழகிய கண் எனக்கு. "அங்கை பாருங்கோ," என்றேன். இறங்கிப் போய்த் தடியால் கிளறினேன். இரண்டு முழம் தாண்டவில்லை, மண் ஈரம். கொஞ்சம் விட்டுச் சேற்றுத் தண்ணீர் கசிந்தது. பக்கத்தில் நாணல் வேர்.

மனுஷி சேற்றில் முழங்கால் குத்தி இருந்துவிட்டாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினாள். "எண்ணூறு வருஷம், மரியா! எண்ணூறு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாமல் கிடந்தது!" என்று அழுதாள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. அன்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் அது கட்டுரையாய் வந்தது. "வா, வா, உன்னையும் போட்டிருக்கிறன்," என்று என்னைக் குசினியிலிருந்து கூப்பிட்டாள். அடிக்குறிப்பை வாசித்தாள். ஊற்றே இல்லை என்று சொன்ன தோட்டக்காரனின் பெயர் இருந்தது, தகப்பன் பெயரோடு. படம் எடுத்தவனின் பெயர் இருந்தது. கடைசியில்: 'இடத்தைக் கண்டறிவதில் ஒரு சிங்கள வேலைக்காரி உதவினாள்.'

வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் சந்தோஷப்படுவேன் என்று. நான் "கிராற்சியே, சிஞ்ஞோரா" என்று நன்றி சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். அன்று தேவையில்லாமல் ஐந்து வெங்காயம் உரித்தேன்.

பிறகுதான் சனத்தோரியா வந்தது. பேப்பர் இல்லாமல் இருப்பவர்களுக்கு அரசாங்கம் ஒருமுறை கதவு திறந்து விடுவதற்கு அப்படிப் பெயர். வேலை தருகிறவர் 'இன்னார் என்னிடம் வேலை செய்கிறார்' என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். அதைக் குறித்த நாளுக்கு முன் குவெஸ்துராவில், பொலிஸ் கந்தோரில், கொடுத்தால் பெர்மெஸ்ஸோ. பல்லரோவில் எங்கள் சனத்துக்கு வேறு பேச்சே இல்லை. நான் நாலு வருஷம் வேலை செய்தவள். ஜெனிற்றாவுக்கு ஏழு வயசு. மன்னாரிலிருந்து என் அக்கா அனுப்பிய கசெற்றில் பிள்ளை "அம்மா, எப்ப வருவியள்?" என்று கேட்டிருந்தாள். நான் சிஞ்ஞோராவிடம் போய்க் கேட்டேன்.

சிரித்தாள். "குடும்பத்து ஆளோட ஆராவது ஒப்பந்தம் எழுதுவினமோ, மரியா? நீ என்ரை வீட்டுப் பிள்ளை."

எழுதுகிற கையில் பேனாவை வைத்துக்கொண்டு சொன்னாள் அதை! இரண்டு மாதம் அப்படியே கடத்தினாள். அந்தக் கந்தோர், இந்தக் கந்தோர் என்று அலைய வேண்டிவரும் என்றாள். கட்டுரை முடியட்டும் என்றாள். கடைசியில் ஞானம் அக்கா எங்கள் மாதா கோயில் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தா. சுவாமியார் கதிரையில் இருந்து மெதுவாய்ச் சொன்னார்: "அவளுடைய பிள்ளை அங்கே இருக்கிறது, புறொபெஸொரெஸ்ஸா." மனுஷிக்கு முகம் மாறிவிட்டது. "பிள்ளையா? பிள்ளை இருக்கெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று என்னைக் கேட்டாள். குசினிச் சுவரில் ஜெனிற்றாவின் படம் நாலு வருஷமாய் ஒட்டியிருந்தது.

என் பாஸ்போட்டின் பிரதியைக் கொடுத்தேன். திங்கட்கிழமை பின்னேரம் கூப்பிட்டாள். மறுநாள் அவள் பிரான்ஸுக்கு, நோர்மன்காரரின் சொந்த ஊருக்கே, மாநாட்டுக்குப் போகிறாள். பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. என் கையில் ஓர் உறையைத் தந்தாள். நல்ல தடித்த கடதாசி. பின்னால் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, தன் தகப்பனின் முத்திரையைக் குத்தியிருந்தாள்.

"இதை நீ உடைக்கக்கூடாது," என்றாள். "முத்திரையை உடைக்கிற உரிமை வாங்குற அதிகாரிக்குத்தான். வழியில உடைச்ச எழுத்து செல்லாது. அரசரின்ரை எழுத்தும் அப்பிடித்தான் போகும்."

நான் உடைக்கவில்லை. எனக்கு என்மேலேயே கோபம் வருவது அதற்குத்தான். கிழித்துப் பார்த்திருக்க வேண்டும். படித்த மனுஷி சொல்கிறாள், சட்டம் அப்படித்தான் போலிருக்கு என்று நினைத்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன்.

குறித்த கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணியோடு கதவு மூடுகிறார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வரிசையில் நின்றும் முறை வரவில்லை. வியாழன் பதினொரு மணிக்குத்தான் யன்னலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதிகாரி முத்திரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு உடைத்து வாசித்தான். சிரிப்பு நின்றது.

"மரியாவா? எந்த மரியா?" என்றான். "உன்ரை பாஸ்போட்டில வேறை பேரெல்லோ கிடக்கு."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினான். அழகான கையெழுத்து. 'என் வீட்டில் நான்கு ஆண்டுகளாக உண்மையும் உழைப்புமாகப் பணிபுரிந்து வரும் மரியா என்னும் சிங்களப் பெண்...' என்று தொடங்கி, ஒரு பக்கம் முழுக்க என்னைப் புகழ்ந்திருந்தாள். என் பெயர் எங்கேயும் இல்லை.

"இது நான்தான்," என்றேன். "அவ என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவ."

"எனக்குத் தெரியும் நீதான் எண்டு," என்றான் அவன். கெட்டவன் இல்லை. "ஆனால் இந்தப் பேருக்கு நான் என்னெண்டு பதியிறது? நாளைக்குப் பன்னிரண்டுக்குள்ள சரியான பேரோட கொண்டு வா."

கால் தரையில் படாமல் லிபெர்த்தாவுக்கு ஓடினேன். வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. ரெலிபோனுக்குப் பக்கத்தில், சொன்னேனே, எல்லாம் எழுதி ஒட்டியிருப்பாள். பிரான்ஸ் ஹோட்டல் நம்பரும் இருந்தது. எடுத்தேன். மாநாட்டில் நிற்கிறா, பின்னேரம் எடுங்கள் என்றார்கள். பின்னேரம் வரைக்கும் அவளுடைய மேசைக்கு முன்னால் இருந்தேன். அப்போதுதான் என் பாஸ்போட்டின் பிரதி கண்ணில் பட்டது. மனுஷி கடதாசியை வீணாக்கமாட்டாள். அதன் பின்பக்கத்தில் மாநாட்டில் பேசப்போகிற குறிப்பை முதலில் எழுதிப் பார்த்திருந்தாள். இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகன் இன்னார். திருப்பினால் என் முகம்.

ஆறு மணிக்குக் கிடைத்தாள். "என்ன மரியா, குழாய் உடைஞ்சிட்டுதோ?"

சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். பிறகு கேட்டாள்:

"அப்ப, உன்ரை பேர் என்ன?"

நாலு வருஷம். அவளுடைய அழுக்கு உடுப்புத் தோய்த்து, அவளுடைய காலுக்கு எண்ணெய் பூசி, அவளுடைய ராஜாவின் ஊற்றைத் தோண்டிக் கொடுத்த நாலு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறாள். அந்த இடத்திலேயே ரெலிபோனை அடித்து வைத்திருப்பேன். பிள்ளையை நினைத்து வைக்கவில்லை. அந்தோனிப்பிள்ளை புஷ்பராணி என்றேன். இத்தாலியர் செய்கிற மாதிரியே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நகரம் சொல்லி, அன்கோனாவின் ஆ, நாப்போலியின் என் என்று தொண்டை கிழியக் கத்தினேன். எழுதிக்கொண்டாள்.

"கோயில்ல ஃபாக்ஸ் இருக்கு, நம்பர் சொல்லுறன். இப்பவே அனுப்புங்கோ, சிஞ்ஞோரா. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு மூடுறாங்கள்."

"இப்ப விருந்துக்குப் போகவேணும், எல்லாரும் கீழ நிக்கினம். நாளைக்குக் காலமை என்ரை பேச்சு. அது முடிஞ்ச உடனை அனுப்புறன். பயப்பிடாதை, என்னை அவைக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து சுவாமியாரின் அறையில் அந்த மிஷினுக்கு முன்னால் நானும் ஞானம் அக்காவும் இருந்தோம். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அக்கா செபமாலை உருட்டினா. எனக்குச் செபம் வாயில் வரவில்லை. பன்னிரண்டு அடித்தது. சுவாமியார் குவெஸ்துராவுக்கே ஓடிப்போய் மன்றாடினார். அவரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு மிஷின் கத்தியது. கடதாசி மெதுவாய் வந்தது. அந்தோனிப்பிள்ளை புஷ்பராணி. ஒரு எழுத்துப் பிழை இல்லை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறாள்.

ஞாயிறு வந்து இறங்கினாள். எனக்கு ஒரு பட்டுச் சால்வை கொண்டு வந்திருந்தாள். "பேச்சுக்கு நல்ல கைதட்டல், மரியா," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பிந்திப்போச்சு. என்ன செய்யிறது? இத்தாலியில ஒரு சனத்தோரியா போனால் இன்னொண்டு வரும். கொஞ்சம் பொறுமை."

நான் அந்தச் சால்வையை விரிக்கவில்லை. மேசையில், அவளுடைய பட்டியல்களுக்கு மேலே வைத்தேன். கடதாசி எத்தனை விரல் அரங்கியதோ எனக்குக் கவலையில்லை. எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் சேர்த்துச் சொன்னேன்:

"சிஞ்ஞோரா, உங்கடை ராசான்ரை எழுத்துக்காரன் உங்களை விடத் திறம். அவன் சனத்தை மாடு மாதிரிக் காணியோடை குடுத்தவன்தான். ஆனால் அந்தச் சனத்துக்கு முன்னால போய் நிண்டு, உன்ரை பேர் என்ன, உன்ரை தேப்பன்ரை பேர் என்ன எண்டு கேட்டுத்தான் எழுதினவன். நீங்கள் கேக்கேல்லை. நாலு வருஷம் ஒருநாளும் கேக்கேல்லை. செத்தவனை ரெண்டாந்தரம் கொல்லக்கூடாது எண்டு மேசையில அடிச்சியள். நான் உயிரோடை உங்களுக்கு முன்னால நிண்டனான்."

மனுஷி கதிரையில் இருந்துவிட்டாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். "மரி..." என்றாள். நிறுத்தினாள். மற்றப் பெயரைத் தேடினாள், எனக்குத் தெரிந்தது. வாயில் வரவில்லை. இரண்டு நாளைக்கு முன்தான் தன் கையால் எழுதியவள். நான் சாவியை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, முன் வாசலால், லிப்டில் இறங்கிப் போனேன்.

அவள் பிறகு ஞானம் அக்காவிடம் ஆள் அனுப்பினாளாம், திரும்பி வரச் சொல்லி, எல்லாம் முறையாய் எழுதித் தருகிறேன் என்று. அழுதாளாம். அக்கா அதைச் சொன்னபோது எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போது சிஞ்ஞோரா செத்துப்போனாள், சுவாமியார் மன்னிப்பைப் பற்றி எனக்கு எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். சுவாமியாருக்குப் பிள்ளை இல்லை.

அடுத்த சனத்தோரியா வந்து, வேறு வீட்டுக்காரி எழுதிக் கொடுத்து, என் கையில் பெர்மெஸ்ஸோ வந்து, பிள்ளைக்கு விசா கிடைக்க மூன்று வருஷம் கூடுதலாய்ப் போயிற்று. ஏழில் வந்திருக்க வேண்டியவள் பத்தில் வந்தாள். மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். விமான நிலையத்தில் நான் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தேன். கையும் காலும் விறைத்தபடி நின்றாள். விட்டதும், மன்னாரில் என் அக்கா பழக்கியிருக்க வேண்டும், மரியாதையாய்க் கை குவித்து, "வணக்கம் அன்ரி" என்றாள். கூட வந்த பெண் அவளைச் செல்லமாய் அதட்டினா. நான் பரவாயில்லை, பிள்ளைக்குக் களைப்பு என்றேன்.

பஸ்ஸில் ஜெனிற்றா அந்தப் பெண்ணின் கையை விடவில்லை. எனக்குப் பின் சீற்றில் இருவரும் இருந்தார்கள். கடல் ஓரமாய்ப் பஸ் திரும்பும்போது பிள்ளை குரலைத் தாழ்த்திக் கேட்டது எனக்குக் கேட்டது:

"இந்த அன்ரி வீட்டில எத்தினை நாள் நிக்கோணும்? மன்னாருக்கு, அம்மாட்டை எப்ப திரும்பிப் போவம்?"